பூஜையன்று அணைத்த பெட்டி

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தவர் யாரோ தெரியாது. அவர் கம்ப்யூட்டர் ஸ்டோரேஜைப் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். டிராக்டர், லாரி, தையல் மிஷின் எல்லாம் ஒரு நாள் படுத்து எழுந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. வருடக்கணக்காக நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிற பழைய டிஸ்க் அப்படியில்லை. நிறுத்தினால் மறுபடி சுற்றுமா சுற்றாதா என்பது அதன் மனசைப் பொறுத்தது.

இது அருணாவுக்கு நன்றாகத் தெரியும். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருக்கும் ஒரு பாலிடெக்னிக்கில் அவள்தான் சிஸ்டம் அட்மின். ஒவ்வொரு பூஜைக்கும் சர்வரை அணைப்பாள், ஸ்டோரேஜ் பெட்டியை மட்டும் அணைக்க மாட்டாள். அதன் மினுக்கும் விளக்கின் மேல் செவ்வந்திச் சரத்தைத் தொங்கவிட்டு மறைத்துவிடுவாள். சாமிக்கும் குறையில்லை, டிஸ்க்குக்கும் குறையில்லை.

இந்த வருடம் தாளாளர் சோலையப்பன் சந்தனக் கிண்ணத்தோடு தானே வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்தால் அவருக்குத் தூக்கம் வராது. சரத்தை ஒதுக்கிப் பொட்டு வைக்கப் போனவர் விளக்கைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது மினுக்குது?"

"அது ஸ்டோரேஜ் சார். அதை நிறுத்தக் கூடாது."

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வருசம் பூரா உழைக்குது. ஒரு அரை மணி நேரம் ஓய்வு குடும்மா."

"பழசு சார். நிறுத்தினா எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது."

"சாமி கும்பிட்டு நிறுத்துறோம். எந்திரிக்காம எங்கிட்டுப் போயிரும்?"

அன்றைக்கு அருணாவுக்கு வாதாட நேரமில்லை. அவள் கணவன் ஆனந்தராஜ் ஒரு மாத லீவு முடிந்து அன்று சாயங்கால விமானத்தில் மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். திருச்சி ஏர்போர்ட். அடுத்து வர இரண்டு வருடம் ஆகும். கொடும்பாளூரில் அவர்கள் வீட்டில் பெட்டி பாதி கட்டியும் கட்டாமலும் கிடந்தது. காலையில் கிளம்பும்போது, "சாமி கும்பிட்டுப் பொரியை வாங்கிக்கிட்டு ஓடியாந்துர்றேன் மாமா. மத்தியானம் சேந்து சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த மத்தியானச் சாப்பாடு அவள் கண்ணிலேயே நின்றது. அரை மணி நேரம் வாதாடுவதைவிடப் பொத்தானை அமுக்குவது சுலபம் என்று அமுக்கிவிட்டாள். எத்தனையோ பேர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே அந்த அறையின் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்வர் அறைக்கு இரும்புக் கதவு. உள்ளே போகவும் விரல் வைக்க வேண்டும், வெளியே வரவும் விரல் வைக்க வேண்டும். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்ற கணக்கு வேண்டுமென்று, உள்பக்கம் இருந்த திறக்கும் பொத்தானைப் பிடுங்கிப் போட்டவர் சோலையப்பன்தான். விரல் வைத்ததும் கதவு சர்வரிடம் கேட்கும், இது யார், விடலாமா என்று. சர்வர் என்று பெயர்தான் ஒன்று, அதற்குள் உடம்பில்லாத மிஷின்கள் நாலைந்து ஓடிக்கொண்டிருக்கும். வி.எம். என்பார்கள். பிள்ளைகளின் மார்க்குக்கு ஒன்று, லைப்ரரிக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. எல்லாவற்றின் உயிரும் இருப்பது ஸ்டோரேஜ் பெட்டியில். அது அணைந்திருந்தால் கதவு யாரிடம் கேட்கும்? அதனால் பூஜை நேரத்தில் கதவைத் திறந்து, நடுவில் ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டு வைப்பது வழக்கம்.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைக்க எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி வாசலுக்குப் போனார்கள். அருணா மட்டும் மிஷின்களை எழுப்ப உள்ளே நின்றாள். அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் ராஜலட்சுமி, பொட்டு வைக்காத பொருள் ஏதும் விட்டுப்போயிற்றா என்று பார்த்துக்கொண்டே வந்தவர், நாற்காலியைக் கண்டார். அதுவும் பாவம் உழைக்கிற பொருள்தானே என்று துடைத்துச் சந்தனம் வைக்கத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

அருணா அப்போதுகூடப் பயப்படவில்லை. மிஷின்கள் எழுந்ததும் திறந்துவிடும் என்றுதான் நினைத்தாள். ஸ்டோரேஜை முடுக்கினாள். விசிறி சுற்றியது. பிறகு ஒரு டிஸ்க் கடகடவென்று கரகரத்தது. இன்னொன்று முனகியது. சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. மறுபடி அணைத்து முடுக்கினாள். மறுபடியும் சிவப்பு. பெட்டி செத்துப்போயிருந்தது, அவள் உள்ளே இருந்தாள்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதை ஒட்டி நின்றால்தான் போனுக்கு சிக்னல் வரும். அங்கே நின்று தாளாளருக்குப் போன் போட்டாள். அவர் ஓடி வந்தார். வெளியிலிருந்து தன் விரலை வைத்துப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், வேட்டியில் துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தார். கதவு கண்டுகொள்ளவே இல்லை.

"கதவை வெட்டச் சொல்லுங்க சார். வெல்டிங் லேப்ல காஸ் கட்டர் இருக்குல்ல" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"பூஜையில இருக்கேம்மா. நாளைக்குப் புனர்பூஜை முடிஞ்சுதான் தொடணும்."

"வெளிய யாரையாவது கூப்பிடுங்க சார்."

கூப்பிட்டுப் பார்த்தார். கீரனூரில் ஒரு பட்டறை, புதுக்கோட்டையில் இரண்டு பட்டறை. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஓடி வந்திருப்போம், இன்றைக்கு ஆயுதத்தைத் தொட முடியாது, நாளைக்கு விடிந்ததும் வருகிறோம் என்றார்கள். கடப்பாரை முதல் திருப்புளி வரை மாவட்டத்தில் இருந்த அத்தனை இரும்பும் அன்றைக்குச் சந்தனம் பூசிப் படுத்திருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லட்டுமா என்று அருணா கேட்டாள். சோலையப்பன் பதறிப்போனார். "நல்ல நாளும் அதுவுமா சிவப்பு வண்டி வந்து நின்னா ஊரு என்ன பேசும்? பேக்கப்பு இருக்குல்லம்மா? அதை வச்சு நீயே எழுப்பிரு. ஒன்னால முடியும்."

பேக்கப் இருந்தது. சி.சி.டி.வி. பதிவுக்காக வாங்கிய மலிவான பெட்டி ஒன்று மூலையில் உயிரோடு இருந்தது. வாரா வாரம் எல்லா வி.எம்.களின் நகலும் அதில்தான் போய் உட்காரும். அங்கேயே மிச்சமிருக்கும் இடத்தில் நகலை விரித்து ஓடவிட்டால் மிஷின் எழுந்துவிடும். கதவு மிஷினை முதலில் விரிக்கப் போனாள்.

"மார்க் மெஷினை மொதல்ல பாரும்மா" என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாளாளரின் குரல். "இன்னைக்குத்தான் மார்க் ஏத்தக் கடைசி நாளு. புள்ளைங்க வாழ்க்கை. ஒனக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆனா என்ன?"

பிள்ளைகள் வாழ்க்கை என்று சொன்ன பிறகு என்ன பேசுவது? அருணாவுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மார்க் மிஷினை விரிக்கத் தொடங்கினாள். தாளாளர் நிம்மதியாக வடை பாயசத்தோடு சாப்பிடப் போனார். அவருக்கென்ன, கதவுக்கு வெளியில் இருக்கிறார்.

அந்த மலிவுப் பெட்டி வேலை செய்கிற அழகைச் சும்மா சொல்லக்கூடாது. திரையில் பச்சைக் கோடு ஒரு நூல் நகரும், பிறகு யோசிக்கும். அருணா ஏ.சி. குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ.சி.யை நிறுத்தினால் காற்று இல்லை. கையில் பொரியும் வாழைப்பழமும் இருந்தன. தண்ணீர் பாட்டிலைத் தொடவே பயந்தாள், உள்ளே பாத்ரூம் ஏது? வீட்டில் இந்நேரம் சாம்பார் கொதித்திருக்கும். ஆனந்தராஜுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். "சரி சரி, பதறாத. நான் ஏர்போர்ட்டுக்குப் பேசின வாடகைக் காருலயே அங்கிட்டு வந்து ஒன்னயப் பாத்துட்டுப் போறேன்" என்றான். குரலில் ஒரு கோபம்கூட இல்லை. அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பச்சைக் கோடு முக்கால்வாசிக்கு மேல் வந்து நின்றது. இடம் போதவில்லை என்றது திரை.

அருணா தலையில் அடித்துக்கொண்டாள். அது அவள் பிசகுதான். பழைய ஸ்டோரேஜ் விவரமானது. ஐநூறு பேருக்குப் பத்திரிகை வைத்தாலும் வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் இலை போடும். இந்தப் பெட்டி ஐநூறு இலையையும் முதலிலேயே போட்டால்தான் பந்தியே தொடங்கும் என்கிற ரகம். மார்க் மிஷினில் இருந்த சரக்கு கொஞ்சம், அதற்கென்று எழுதி வைத்திருந்த இடம் மலை மாதிரி. முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஏர்போர்ட்டும் சாம்பாரும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்க, எங்கே யோசிப்பது? மத்தியானம் முழுக்க வீணாய்ப் போயிற்று.

இனிமேல் யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். அரைகுறையாக விரிந்து கிடந்த மார்க் மிஷினை அழித்தாள், நகல் பத்திரமாகத்தான் இருக்கிறது, வெளியே போனதும் வேறு இடம் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். கதவு மிஷினை எடுத்தாள். அது சின்னது, இந்த இடம் தாராளம்.

அது விரிந்துகொண்டிருக்கும்போது கண்ணாடியில் ஆனந்தராஜின் முகம் தெரிந்தது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, தலை நன்றாகப் படிய வாரியிருந்தது. பயணத்துக்கு என்று அவன் அலங்கரித்துக்கொண்டு வந்திருந்த அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அருணா எழுந்து கதவருகே போனாள். கண்ணாடியில் கையை வைத்தாள். அவனும் அந்தப் பக்கம் வைத்தான்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"பொரி தின்னேன். நீங்க?"

"சாப்பிட்டேன். ஒனக்குக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். இந்தக் கதவுல எலி போற ஓட்டைகூட இல்லையே."

அவனைக் கண்டதும் சோலையப்பனுக்கு மனசு இளகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வந்தவருக்குத் தான் செய்த காரியம் உறைக்கத் தொடங்கியிருந்தது. ஆனந்தராஜ் மஸ்கட்டில் எண்ணெய்க் குழாய் ஒட்டும் வெல்டர். இந்த மாதிரிக் கதவையெல்லாம் டீ குடிக்கிற நேரத்தில் வெட்டிப் போட்டுவிடுவான்.

"தம்பி" என்றார் தாளாளர். "நீங்க வெல்டர்தானே? லேப் சாவி இந்தாங்க. சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும். நீங்களே கட்டரை எடுத்து வெட்டிருங்க. பொம்பளப் புள்ள எம்புட்டு நேரம் உள்ள கெடக்கும்?"

அருணா கண்ணாடியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது. ஆனந்தராஜ் சாவியைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"வேணாங்க சார்" என்றான். "பூஜையில வச்சதைத் தொடுறது சரியில்ல. அவளே தெறந்துருவா."

அருணாவுக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. கல்யாணமாகி இத்தனை நாளில் வருடத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு வந்தால் பெரிது, அதுவும் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுகொள்கிற ஆள். இவனுக்கு எப்போதிருந்து இந்தப் பக்தி?

"மாமா, என்ன பேசுறீங்க?" என்று கத்தினாள். "ஒங்களுக்கு நேரமாகலையா? வெட்டிவிடுங்க."

"நீ பதட்டப்படாமப் பாரு அருணா. நேரம் கெடக்கு. மெதுவாச் செய்யி."

பெண்டாட்டி உள்ளே கிடக்கிறாள், கையில் தொழில் இருக்கிறது, சாவியைக் கொடுக்கிறார்கள், சாமி குத்தம் பார்க்கிறானாம். ஆம்பிளைகளுக்கு ஏர்போர்ட் வாசல் தெரிந்துவிட்டால் வீடு மறந்துபோய்விடும் என்று அருணாவுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரைக்குப் போனாள். இவர்கள் யாரும் வேண்டாம், நானே திறந்துகொள்கிறேன்.

கதவு மிஷின் முழுவதும் விரிந்துவிட்டது. ஓடவிட்டாள். ஓடாமல் நீலத் திரையைக் காட்டி நின்றது. தன் டிஸ்க்கே எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. வீடு மாறிய அன்றைக்கு இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி, பழைய இடத்தில் இருந்த வழியிலேயே தேடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மிஷினோடு சேர்க்கிற முறை இங்கே வேறு. அருணா செட்டிங்ஸுக்குள் போய் அதைப் பழைய முறைக்கு மாற்றினாள். மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

வெளியே காரின் டிரைவர் மாடிக்கு வந்துவிட்டான். "அண்ணே, இப்பக் கெளம்புனாத்தான் சரியா இருக்கும்" என்றது கேட்டது. "போலாம் இருங்க தம்பி" என்றான் ஆனந்தராஜ். கண்ணாடிக்கு அருகில் வந்து, "என்னாச்சு?" என்று கேட்டான்.

"எந்திரிக்குது. இன்னும் கொஞ்ச நேரம்."

"அவசரமில்ல. தப்பா எதையும் அமுக்கிறாத."

அவசரமில்லை, அவசரமில்லை. அவள் அந்தச் சொல்லைக் கேட்டு வெந்துபோனாள். மிஷின் எழுந்தது. ஆனால் கதவு இன்னும் ஊமையாகவே இருந்தது. புது இடத்துக்கு வந்த மிஷினுக்கு நெட்வொர்க் கார்டும் புதிதாகிவிட்டது, பழைய விலாசம் போய்விட்டது. கதவு பழைய விலாசத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே ஆளில்லை. அருணா அந்த விலாசத்தை மனப்பாடமாகத் தட்டினாள். விரல் தடுக்கி ஒரு எண் தப்பிப்போனது. அழித்தாள், மறுபடி தட்டினாள். டிரைவர் திரும்பவும் ஏதோ சொன்னான். தாளாளர், "தம்பி, நீங்க கெளம்புங்க, பாப்பாவை நான் பத்திரமா வீட்ல விடுறேன்" என்றார். அதற்கு ஆனந்தராஜ் பதில் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

போய்விடாதே, போய்விடாதே என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை கோபத்துக்கும் நடுவில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி நடுவில் இல்லாமல் ஒரு தடவை அவனைப் பார்த்து, தொட்டு, போய் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு அதுதான் கைச்செலவு. அது கிடைக்காவிட்டால் இந்த இரும்புக் கதவுதான் இரண்டு வருடமும் கண்ணில் நிற்கும்.

உள்பக்கத்து விரல் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

அருணா ஓடினாள். ஈரமாயிருந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்து வைத்தாள். கருவி ஒரு கணம் யோசித்தது. தாழ் விலகியது. இரண்டு கையாலும் தள்ளிக் கதவைத் திறந்தாள்.

எதிரே ஆனந்தராஜ் நின்றுகொண்டிருந்தான். அவள் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்த அந்த நொடியில், அவன் முகம் விழுந்துவிட்டது. பெயில் என்று ரிசல்ட் வந்த பையன் மாதிரி ஆகிவிட்டான். அடுத்த நொடியே சமாளித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"வந்துட்டியா" என்றான்.

"வந்துட்டேன் மாமா. நேரம் இருக்கு. இப்பப் பொறப்பட்டாக்கூடப் போயிரலாம்."

"ஆமா. போயிரலாம்."

டிரைவர் அவசரமாகக் கீழே இறங்கினான். தாளாளர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சாமி காப்பாத்திருச்சு என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்க்கப் போனார். வராந்தாவில் அவர்கள் இருவரும்தான். அருணா அவன் கையைப் பிடித்தாள். அது சில்லென்றிருந்தது, ஏ.சி.யில் கிடந்தவள் அவள், கை சில்லிட்டிருந்தது அவனுக்கு.

"என்ன மாமா?"

அவன் அவளைப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் தெறக்காம இருந்திருந்தா ஃப்ளைட்டு போயிருக்கும் அருணா" என்றான் மெல்ல. "பொண்டாட்டி உள்ள மாட்டிக்கிட்டா, எப்படி விட்டுட்டு வாரதுன்னு சொன்னா கம்பெனிக்காரன்கூட ஏத்துக்குவான். அம்மாவும் ஒண்ணும் சொல்லாது. நானாப் போகலைன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க."

சாவிக்கு நீளாத அந்தக் கை, கோபமே இல்லாத அந்தப் போன், மெதுவாச் செய்யி, அவசரமில்ல. மத்தியானத்திலிருந்து அவன் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவள்தான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, அவனை அனுப்பிவைக்கிற கதவைத் திறக்க உயிரைக் கொடுத்து வேலை பார்த்திருக்கிறாள்.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றாள். குரல் உடைந்தது. "ஒரு மாசமா ஒண்ணாத்தானே கெடந்தோம்."

"என்னன்னு சொல்றது? எல்லாப் பயலும் போறான். எனக்கு மட்டும் போக முடியலைன்னா?"

கீழே கார் ஹார்ன் அடித்தது. அருணா திரும்பி இரும்புக் கதவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான் திரும்ப உள்ள போயிறட்டுமா மாமா?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்காகக் கட்டி வந்த சாப்பாட்டுப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் பையைத் தோளில் மாட்டினான்.

"கதவுதான் தெறந்துருச்சே" என்றான்.